டக் என்ற சத்தம்

ரிலே ஒட்டிக்கொண்டது.
அலையின் உச்சியில், முந்நூற்று இருபத்தைந்து வோல்ட் நிற்கும் கணத்தில்
கதவை அறைந்த மாதிரி மூடியது,
பொறி பறந்து, உருகி, அப்புறம் திறக்கவே இல்லை.
ஹீட்டர் விடிய விடிய எரிந்தது.
"அறுநூறு காடை முட்டையும் அவிஞ்சு போச்சுல்லா, ஜெபராணி"
என்றார் ஆறுமுகநயினார், காலை ஆறரைக்கு, போனில்.
திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பணகுடியில் ஆடி.
கணவாய் வழியே வரும் காற்று
என் கடை ஷட்டரைப் பிடித்து உலுக்குகிறது.
மீட்டரில் நூற்றெண்பது,
டீ குடித்து வந்தால் இருநூற்று அறுபது.
ஆனால் எவ்வளவு உயரம் எழுந்தாலும்
எவ்வளவு ஆழம் போனாலும்
நடுவில் அந்தக் கோட்டைக் கடந்துதான் ஆகவேண்டும்,
நொடிக்கு நூறு தடவை.
அங்கே ஒன்றுமில்லை.
தொட வேண்டிய இடம் அதுதான்.

முன்பு இதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு டையோடு,
ஆப்டோ என்று கறுப்பாய் ஒரு பொடிப்பூச்சி, எல்லாம் வேண்டும்.
இந்தப் புதுச் சிப்பில் ஒரு காலுக்கே அந்த வேலை தெரிந்திருக்கிறது.
லைனிலிருந்து ரெசிஸ்டர் வழியாக இழுத்துக் கொடுத்தால் போதும்.
ஒன்று தாங்காது; ஐந்நூற்று அறுபது கே, இரண்டு, வரிசையாக.
முந்நூறு மைக்ரோ ஆம்பியர், அவ்வளவுதான் அதன் பசி.
ஏறும்போது ஏழு மைக்ரோ நொடி பிந்திச் சொல்லும்,
இறங்கும்போது அதே அளவு முந்திச் சொல்லும்.
போகட்டும். வள்ளியூர் பஸ்ஸுக்கு இது தேவலை.

ஒன்றை மறந்தேன்.
போர்டில் 'பூஜ்யம் வோல்ட்' என்று நானே எழுதிய தடத்தை
இடது விரலால் தொட்டேன்.
லைனிலிருந்து பிரித்துவைக்க எதுவுமில்லாத சுற்றில்
அதற்கும் உயிர் உண்டு.
முழங்கை வரை ஓர் உதறல். ஸ்டூல் விழுந்தது.
பூஜ்யம் என்பது எதிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது
என்று பாலிடெக்னிக்கில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
அன்றைக்குத்தான் அதைக் கை படித்தது.

ரிலே இருந்த இடத்தில் டிரையாக் உட்கார்ந்தது.
கோடு கடக்கும் கணம் பார்த்துத் திறக்கும்.
பொறி இல்லை, சத்தம் இல்லை.

ஆறுமுகநயினார் நம்பவில்லை.
இன்குபேட்டர் பெட்டியில் காது வைத்தார்.
"டக்குன்னு கேக்கலியே. வேல செய்யுதா?"
தெர்மாமீட்டரைக் காட்டினேன். முப்பத்தேழரை.
"அது சரி. ராத்திரி படுத்துக்கிட்டே கேப்பேன்லா" என்றார்.

மறுநாள் ஒரு சின்ன ரிலே கொண்டுபோனேன்.
ஹீட்டர் விழிக்கும்போதெல்லாம் துடிக்கும்படி
காயிலை மட்டும் இணைத்தேன்.
அதன் முனைகள் எதோடும் சேரவில்லை.
அவரிடம் சொல்லவுமில்லை.

பதினேழாம் நாள், விடியுமுன், போன் அடித்தது.
பேச்சில்லை; பெட்டிப் பக்கம் பிடித்திருந்தார் போல.
காற்று.
டக்.
அப்புறம் அதைவிடச் சின்னதாய், ஒழுங்கில்லாமல்,
ஓட்டுக்குள்ளிருந்து இன்னொன்று.