நிகர எடை

ஊர்ப்பெயர் நெடுவயல்.
வயல் எங்கே என்று கேட்காத லாரிக்காரன் இல்லை.
இருந்தால் நான் எதற்கு,
இந்த எடைமேடை எதற்கு என்பேன்.
நெல் ராய்ச்சூரிலிருந்து வருகிறது,
அரிசியாகிக் கொல்லத்துக்குப் போகிறது.
உமிச்சாம்பல் மட்டும் உள்ளூர்ச் சரக்கு.
வெள்ளைத் துணி காயப்போட ஆசையென்றால்
வேறு ஊருக்கு வாக்கப்பட வேண்டும்.

பதினாறு வருடமாக ஒரே கழித்தல்:
பாரத்தோடு ஒன்று, பாரமிறக்கி ஒன்று,
மீதிதான் சரக்கு.
சீட்டுக்கு எண்பது ரூபாய்.
ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருந்தால் எழுபது கிலோ கூடும்.
இறங்கு என்பேன்.
“ஜெபமாலை அக்கா, கால் வலிக்குது” என்பவனெல்லாம்
மில்லுக்கு வேண்டியவன்.

பழைய கணக்குக்குச் சீட்டில்லை.
பேச்சாக வந்தது, தேய்மானம் போக இவ்வளவு:

முதல் பணம் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்தது.
தூணாக நின்றது, பெல்ஜியம் கண்ணாடியாக நின்றது,
மூன்று கட்டு வீடாக, அடுத்த தெரு வரைக்கும் நின்றது.
நின்ற பணம்.
ஓடத் தெரியாது அதற்கு.

ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம்
அரக்கான் மலையை நடந்தே தாண்டி வந்தார்
அடுத்தாள் குமரப்பன்.
மூன்று வருடச் சம்பளச் சீட்டு,
இரண்டே கால் வருடம் பாக்கி.
கொடுக்க ரொக்கம் இல்லை முதலாளி வீட்டில்.
கல்யாணத்துக்கு விளக்கெரிக்க வாங்கின ஆயில் எஞ்சின்
பின்கட்டில் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள்.
எடுத்துக்கொண்டார்.
நாலு மாடு இழுத்தது என்கிறார்கள்.
ஆறு என்பவர்களும் உண்டு.
எடை போட அன்றைக்கு மேடை இல்லை.

ஊருணிக்கு மேற்கே ஓலைக் கொட்டகை.
எஞ்சின் இருமிய முதல் நாள்
நெல்குத்துக் கூலிக்காரிகள் ஏழு பேர்
வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள்.
அவர்களில் மூன்று பேர் அடுத்த தையில்
அதே மில் களத்தில் புழுங்கல் நெல் கிளறினார்கள்.
மற்ற நாலு பேர் எங்கே போனார்கள் என்று
கேட்டுப் பார்த்தேன்.
எஞ்சினின் குதிரைச் சக்தி வரைக்கும் சொல்கிறார்கள்,
அது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கு நாற்பத்தொரு புகைக்கூண்டு.
மூன்று வங்கி, மூட்டை தைக்கும் நூலுக்கென்றே ஒரு கடை,
ஞாயிற்றுக்கிழமை போஜ்பூரிப் பாட்டுப் போடும் முடிவெட்டும் கடை.
மூட்டை தூக்கும் பிர்ஜு மஹதோ
என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான்.
தவிடு எண்ணெய்க்குப் போகிறது, குருணை தீவனத்துக்கு,
உமி கொதிகலனுக்கே திரும்புகிறது.
வாய்க்கால் தண்ணீர் என்ன நிறம் என்று
மாசு வாரியத்து ஆள் வருடம் ஒருமுறை எழுதிக்கொண்டு போவார்.
போகும்போது ஒரு சிப்பம் பொன்னி.

போன பங்குனியில் ஒரு லாரி ஏறியது.
தார்ப்பாய்க்கு அடியில் தேக்குத் தூண்கள்,
நிலைக்கதவு, உத்தரம், கட்டுக் கட்டாய்ச் சன்னல்.
எஞ்சின் கொடுத்த வீடுதான்.
பங்காளிகள் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு முடித்து
கோவளத்தில் எவனோ ஓட்டல்காரனுக்கு.
“சரக்குப் பேர் என்ன போடட்டும்?”
ஓட்டுநர் தலையைச் சொறிந்தான்.
பழைய மரம் என்று அடித்தேன்.
பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.
பின்னால் நின்ற நெல் லாரி ஹாரனை விடவே இல்லை,
அவனிடம் இருபத்திரண்டு டன்.
அந்த வீட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு.

எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
நின்ற பணம் ஓட ஆரம்பித்தது,
ராமநாதபுரம் சாலையில், இடது இண்டிகேட்டர் எரியாமல்.

ராத்திரி பத்துக்கு மேல் வண்டி குறைந்தால்
நானே மேடையில் ஏறி நிற்பதுண்டு.
ஐம்பது காட்டும், சில நாள் அறுபது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் இதற்கு.
இடையில் இருப்பது இதன் கணக்கில் வராது.
அந்த நாலு பேரும் சேர்ந்து ஏறியிருந்தால்
இருநூறாவது காட்டியிருக்கும்.

சாம்பல் விழுகிறது.
கேரளா வண்டி ஒன்று வெளிச்சத்தைத் தாழ்த்திக்கொண்டு வருகிறது.
இறங்கி நிற்கிறேன்.