தலையில் கோடு இல்லாத சொல்

துறைமுகம் மூடி மூன்று நாள்.
மணிக்கு நூறு கிலோமீட்டர் காற்று.
போர்வெனிரின் தகரக் கூரைகள்
ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பத் தட்டுகின்றன.
ஊர்ப்பெயருக்கு வருங்காலம் என்று பொருள்.
யாரும் அதை நினைத்துச் சிரிப்பதில்லை,
பேருந்துப் பலகையில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

யஸ்னா ஓயார்சோ
நூலகத்தில் இரவல் வாங்கிய மடிக்கணினியை
எரிவாயு அடுப்பின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.
நண்டு முள் கிழித்த சுட்டுவிரலில் பிளாஸ்திரி.
அது ஒவ்வொரு முறையும்
இரண்டு எழுத்தை ஒன்றாக அழுத்துகிறது.

பயிற்சி ஏழு:
மாணவனின் மதிப்பெண்ணைக் கேள்.
நான்குக்குக் குறையாவிட்டால் தேர்ச்சி என்று சொல்.
அவளுக்கு மாணவர்களைத் தெரியாது.
மாணவனை அழித்துவிட்டு
நண்டு என்று எழுதினாள்.

பெண் என்றால் கடலுக்கு.
ஓடு பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடலுக்கு.
இல்லையென்றால் பெட்டிக்கு.
படகில் இதற்கு அரை விநாடி:
தூக்கு, புரட்டு, வயிற்று மடலைப் பார்,
அளவுகோலை வை, வீசு.
மூளைக்குச் சேதி போகுமுன் கை முடித்திருக்கும்.

கணினிக்குக் கை இல்லை.
பெண்ணாகவும் இருந்து சிறியதாகவும் இருந்தால் கடலுக்கு
என்று எழுதிவிட்டாள்.
கொழுத்த பெண் நண்டுகள்
மடல் நிறைய முட்டையோடு
வரிசை கலையாமல் பெட்டிக்குள் போயின.
சிவப்பெழுத்து இல்லை. எச்சரிக்கை இல்லை.
அதுதான் அவளைக் கலக்கியது,
ஒரு தப்பு இத்தனை பணிவாகவா நடக்கும்.

இருபது நிமிடம்.
'உம்' எடுத்து 'அல்லது' போட்டாள்.
அவள் மொழியில் இரண்டுமே ஓரெழுத்துச் சொற்கள்.
ஓரெழுத்து மாறியதில்
ஒரு கடல் நிறையக் குஞ்சுகள் தப்பின.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு.
குறையவும் இல்லை, கூடவும் இல்லை,
கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் நண்டு.
சட்டப்படி அது பெட்டிக்குரியது.
அவள் எழுதியதோ, பன்னிரண்டைத் தாண்டினால்தான் பெட்டி.
எண்ணைக் கொடுத்தாள்.
கடலுக்கு, என்றது திரை.
சிரிப்பு வந்தது.
திருத்த ஒரு சமக்குறி போதும்.
காலையில் பார்த்துக்கொள்ளலாம்,
இன்றிரவு ஒன்றாவது பிழையால் பிழைக்கட்டும்.

நிபந்தனை பொய்த்தால் எந்த வழி என்பதற்கு
அவள் மொழியில் சினோ.
விதி என்பதற்கும்
அவர்கள் அகராதியில் அதே சொல் கிடக்கிறது.
நமக்கும்தான் விதி இரண்டு,
ஒன்றைச் சட்டத்தில் எழுதுகிறோம்,
மற்றதை நெற்றியில்.

மாலையில் மன்சில்லா கூப்பிட்டார், படகுக்காரர்:
காற்று இறங்கினால் சனிக்கிழமை காலை ஐந்துக்கு.
கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து, ஜலசந்திக்கு அந்தப் பக்கமிருந்து:
காற்று இறங்கினால் சனிக்கிழமை ஃபெர்ரி உண்டாம்.
பரீட்சைக்கு வருகிறாய்தானே?

ஒரே நிபந்தனை.
அதன் கீழே இரண்டு கிளை,
இரண்டும் உண்மை.
இதற்குப் பயிற்சி எட்டில் ஏதாவது இருக்குமா என்று
பக்கத்தைத் தள்ளிப் பார்த்தாள்.
வெப்பநிலை வாங்கி, குளிர் என்று அச்சிடச் சொன்னது.

அக்காவுக்குத் தட்டினாள்: சி.

தலையில் சிறு கோடு போட்டால் அது ஆமாம்.
போடாவிட்டால் அதுவே 'ஆல்',
வந்தால், போனால், இறங்கினால்.
கைப்பேசியில் யாரும் கோடு போடுவதில்லை.
அக்கா அதை ஆமாம் என்றே படிப்பாள்,
அறை ஒழிப்பாள், போர்வையை உதறுவாள்.

கூரையில் ஓர் ஆணி தளர்ந்த சத்தம்.
காற்று இறங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா?
யஸ்னா பிளாஸ்திரியைப் பிய்த்தெறிந்தாள்,
வெறும் விரலால் மறுபடி
பன்னிரண்டு என்று கொடுத்துப் பார்த்தாள்.

கடலுக்கு, என்றது.