ஒரு சுழி குறைவு

காவேரிப்பட்டணத்தில் காவேரி இல்லை.
ஓடுவது தென்பெண்ணை,
அதுவும் ஓடுகிற வருடங்களில்.
கடலும் இல்லை.
பட்டணத்துக்கு மூன்று சுழி ண.
விசாகப்பட்டினத்துக்கு இரண்டு சுழி ன,
டகரத்தின் தலையில் கூடுதலாக ஒரு விலங்கு.
இந்த வித்தியாசத்துக்குத்தான்
ஆயிரம் கிலோமீட்டருக்கு லாரி பேசியிருக்கிறார்
கோவிந்தராஜு.

மாற்றல் கேட்டது நான்.
குடும்பக் காரணம் என்று எழுதினேன்.
அலையில் நீந்த வேண்டும் என்பதற்கு
வங்கியின் படிவத்தில் கட்டம் இல்லை.
குடும்பத்துக்குக் காரணம்
பிறகுதான் தெரிந்தது.

ஏழு வருடமாக என் கடல்
திம்மராயப்பனின் மாந்தோப்புக் கிணறு.
குறுக்கே பன்னிரண்டு மீட்டர்.
எட்டு வீச்சு, சுவர்.
எட்டு வீச்சு, சுவர்.
நூற்று அறுபது சுவர் தொட்டால்
பந்தயத்தின் முதல் பாகம் முடியும்.
பத்துச் சுவருக்கு ஒரு புளியங்கொட்டையாகப்
படியில் நகர்த்திவைப்பாள் லட்சிதா.
ஒருநாள் அணில் ஒன்றைத் தூக்கிப்போக
பத்துச் சுவர் அதிகமாக நீந்தினேன்.
வாடகை கேட்டதில்லை திம்மராயப்பன்.
மாதம் ஒருமுறை அடிவரை போய்
மோட்டாரின் ஃபுட்வால்வில் சிக்கிய மாவிலையை
எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

சைக்கிளுக்கு ராயக்கோட்டை ரோடு.
மாம்பழ சீசனில்
கூழ் ஃபேக்டரியின் புளித்த வாசனை
ஏற்றத்தில் பாதிவரை கூடவே மிதிக்கும்.
"யாரைத் துரத்துற தாயி?" என்று கேட்ட டீக்கடைக்காரர்
மூன்றாம் வருடத்திலிருந்து
என் தலை தெரிந்ததும்தான் பால் பொங்கவிடுகிறார்.

மோட்டார் காயில் கட்டும் கடையை
வெள்ளிக்கிழமையோடு மூடினார் கோவிந்தராஜு.
ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
"அங்க காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"
சைக்கிளுக்கா, அவருக்கா,
நான் கேட்கவில்லை.
உப்புக்காற்றில் காயில் சீக்கிரம் போகும்,
அப்போ வேலை நிறைய வரும் என்று
பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

லட்சிதாவுக்கு அப்பாவின் தெலுங்கு
வாயில் இருக்கிறது, விரலில் இல்லை.
புதுப் பள்ளிக்கூடத்தில்
வீட்டில் பேசுவதையெல்லாம் எழுதச் சொல்வார்களா என்றாள்.
பிறகு, கடலுக்குப் படி இருக்குமா என்றாள்.

மாசியில் ஒருமுறை அங்கே இறங்கிப் பார்த்தேன்.
எட்டாவது வீச்சில்
கை தானாகச் சுவரைத் தேடியது.
ஒன்பது.
பத்து.
தண்ணீர்தான்.
அப்படியே நின்று மிதந்தேன்.
சொல்ல வெட்கம்:
எனக்குத் திரும்பத்தான் தெரிந்திருக்கிறது,
போகத் தெரியவில்லை.

நீச்சல் முடிந்து, ஈரக்காலில் ஷூ மாட்டித்
தடுமாறும் நேரத்தையும்
பந்தயக் கடிகாரம் எண்ணும்.
இந்தப் பத்து நாளாக வீடு முழுக்க அந்த நேரம்தான்.
அரிசி டின்னுக்குள் நீச்சல் கண்ணாடி.
டீசியைத் தேடினால் கேஸ் புக் வருகிறது.
மூன்று பேருக்கும் ஆளுக்கொரு செருப்பு
எங்கோ கட்டுப்பட்டுக் கிடக்கிறது.

இன்று விடியலில் கடைசியாக ஒப்பந்தத்துக்குப் போனேன்.
நீச்சல் தெரியாத கோவிந்தராஜு
முதல்முறையாகக் கடைசிப் படிவரை இறங்கிவந்து
ஒரு கம்பிச் சல்லடையை என் கையில் கொடுத்தார்.
ராத்திரி அவரே முடைந்தது.
"இதை வால்வைச் சுத்திக் கட்டிடு.
இனிமே இலை சிக்காது. யாரும் இறங்க வேணாம்."
மேலே திம்மராயப்பன்
துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி உதறினார்.
மூச்சை அடக்கிக் கட்டினேன்.
இரண்டு முடிச்சு போதும். மூன்று போட்டேன்.

லாரி கிளம்பும்போது
லட்சிதாவின் பையில் ஏதோ குலுங்கியது.
புளியங்கொட்டைகள்.
"பதினாறும் இருக்கா?" என்றேன்.
மடியில் கொட்டி, இரண்டு மொழியிலும் எண்ணினாள்.
பதினைந்து.