முப்பத்தேழாம் எண் வில்லை

என் பெயர் நிர்வைர்.
பகையில்லாதவன் என்று பொருள்.
பெயர் வைத்த அன்று
என்னை யாரும் கேட்கவில்லை.

போ ஆற்றுச் சமவெளியின் மூடுபனி
மாட்டுக் கொட்டகைக்குள்ளும் வந்துவிடும்.
விடியற்காலை மூன்று மணிக்கு
இருநூற்றுப் பத்து மாடுகள்.
கறவை இயந்திரம் இழுத்து விடும் மூச்சோடு
வாஹேகுரு, வாஹேகுரு என்று
நானும் சொல்லிப் பார்ப்பேன்.
நாலாவது மாட்டுக்கு வருவதற்குள் அது
ஏழாயிரம் யூரோ, ஏழாயிரம் யூரோ
என்று மாறியிருக்கும்.

பணத்தை வாங்கியவன் பல்ஜோத்.
காகிதம் எடுத்துத் தருகிறேன் என்றான்.
காகிதம் வரவில்லை.
காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால்
திரும்பி வர முடியாது என்பதால்
அப்பாவின் சிதையைக்
கைபேசியில்தான் பார்த்தேன்.
நெருப்பு அசைந்தது, நின்றது,
மறுபடி அசைந்தது.
அங்கே சிக்னல் சரியில்லை.

சந்தோக் என்பார் கியானி.
போதும் என்கிற மனம்.
போதும் என்று சொல்ல
முதலில் கைக்கு ஏதாவது வர வேண்டாமா
என்று கேட்டேன்.
ஷூ அறையில் ஆள் குறைவு,
ஞாயிறுதோறும் அங்கே நில் என்றார்.

எங்கள் குருத்வாரா முன்பு சீஸ் கிடங்கு.
மழை பெய்தால் சுவர் இன்னும் புளிப்பாக மணக்கும்.
சாணி காய்ந்த ரப்பர் பூட்ஸ்,
மிதித்தால் விளக்கு எரியும் பிள்ளைகளின் ஷூ,
கல்யாணப் பெண்ணின் ஜரிகை ஜுத்தி,
பருப்புக்காகவே வரும் அடுத்த தெரு
இத்தாலியக் கிழவரின் பழுப்புச் செருப்பு.
வாங்குவேன், துடைப்பேன், வில்லை கொடுப்பேன்.
ஷூ வாங்குகிறவனின் முகத்தை
யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஞாயிறு
இடது ஷூவைத் துடைத்து முடித்த பிறகுதான்
வில்லைக்கு நீண்ட கையைப் பார்த்தேன்.
நீலக்கல் மோதிரம்.
என் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணிய விரல்.

அவன் நொடித்துப் போயிருந்தால்,
உள்ளங்கால் கிழிந்து
அட்டை வைத்த ஷூவாக இருந்திருந்தால்,
மன்னிப்பது எனக்கும் எளிதாக இருந்திருக்கும்.
புது ஷூ அது.
நல்ல தோல்.
என் இரண்டு மாத வாடகை.

முப்பத்தேழாம் எண் வில்லையைக் கொடுத்தேன்.
வலது ஷூவைச் சேற்றோடு தட்டில் வைத்தேன்.
ஏழாயிரம் யூரோவுக்கு
என்னால் எடுக்க முடிந்த வட்டி
அவ்வளவுதான்.

ஒலிபெருக்கியில் அன்றைய வாக்கு வந்தது.
எனக்குப் பாதிதான் புரிந்தது.
புரிந்த பாதியில் நான் இல்லை.

லங்கரில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன்.
எதிர் வரிசையில் அவன்.
அதே பாய், அதே எஃகுத் தட்டு.
ரொட்டிக் கூடையோடு வந்த பொடியன்
என் முன்னால் நின்றான், நகரவில்லை.
"ரெண்டு கையும், அங்கிள்."
அப்போதுதான் கவனித்தேன்,
இடது கை மடியில் முஷ்டியாகக் கிடந்தது.
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.
விரித்தேன்.
விரல்கள் வலித்தன.
ரொட்டி சூடாக விழுந்தது.

அவன் எழுவதற்கு முன் எழுந்து போய்
வலது ஷூவைத் துடைத்தேன்.
அவனுக்காக என்று சொன்னால் பொய்.
குருவுக்காக என்றாலும் கொஞ்சம் பொய்தான்.
ஒரு கால் பளபளப்பும் ஒரு கால் சேறுமாக
ஒரு ஜோடி கண்ணெதிரே இருப்பது
எனக்குப் பொறுக்கவில்லை.

வந்தான். வில்லையைப் போட்டான்.
குனிந்து நாடா கட்டினான். போனான்.
பணம் வரவில்லை.
முகம் பார்க்கவில்லை.
தட்டில் முப்பத்தேழு காலியாக இருந்தது.
கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.
அடுத்து ஒரு குழந்தை ஷூவை நீட்டியது,
விளக்கு எரிந்தபடி.

மறுநாள் மூன்று மணி.
அதே மூடுபனி, அதே மடிகள்.
வாஹேகுரு, வாஹேகுரு என்று ஆரம்பித்தேன்.
நாலாவது மாடு தாண்டியது.
ஒன்பது.
பதினேழு வரை வந்தது.

பதினெட்டாவது மாடு உதைத்தது,
யூரோவும் வந்துவிட்டது.

வரட்டும்.
வாளியை நிமிர்த்தி வைத்தேன்.
பத்தொன்பதாவதின் மடி
கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது.