ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்கையில்

ஏழாம் குரோமோசோம், நீண்ட கை.
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி கொடுத்த தாளில்
அதற்கு மேல் எனக்கு விளங்கியது
ஷைனியின் பெயரும் வயதும்தான்.

டாக்டர் மிருதுளா பேனாவைத் திருப்பிப் பிடித்து
மேஜைக் கண்ணாடியில் மைபடாமல் ஒரு மலை வரைந்தார்.
மூளை உருவாகும் நாட்களில்
செல்கள் அடியிலிருந்து மேலே ஏறுமாம்,
நூலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாய்.
முன்னே ஏறியது கீழடுக்கில் தங்க
பின்னே வந்தது அதைத் தாண்டிப் போய்
மேலடுக்கில் உட்காருமாம்.
உச்சியில் சில செல்கள் நின்று
ஒரு புரதத்தைக் கசியவிடும்.
"இங்கே இறங்கு என்று சொல்வது அதுதான்.
ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள்.
அவ்வளவு சுலபமில்லை என்கிறார்கள் இப்போது."

கொடி காட்டுகிறவர்கள், என்றேன்.
சிரித்தார்.
அப்புறம் அவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன்.
குழந்தை பிறந்த பின் அநேகம் பேர்
செத்துப்போவார்கள் என்றார்,
செல்களை அவரும் மனிதர்கள்போலவே சொல்லி.

அந்த ஜீனுக்குப் பெயர் வந்தது எலியால்.
எங்கோ ஒரு கூண்டில்
தள்ளாடித் தள்ளாடி நடந்த எலி.
இதை மட்டும் ரெபேக்காவிடம் நான் சொல்லவில்லை.
குன்னூர் குவார்ட்டர்ஸ் படிக்கட்டில்
ஷைனி சுவரை உரசிக்கொண்டே இறங்குவாள்.
வெள்ளையடித்த சுவரில்
அவள் தோள் உயரத்துக்கு ஒரு கறுத்த கோடு.
வருடா வருடம் கொஞ்சம் மேலே.

இருபத்திரண்டு வருடம் பிரேக்ஸ்மேன் நான்.
கல்லாறு தாண்டினால் பல்தண்டவாளம்.
இஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்.
முன்பெட்டியின் நெற்றியில் நான்,
ஒரு கையில் பச்சை, மறு கையில் சிவப்பு.
நிற்க வேண்டிய இடத்தில்
நிற்காமல் போனதில்லை ஒருநாளும்.
யார், எந்த வளைவில் கொடியைத் தவறவிட்டது என்று
ராத்திரியில் ஷைனியின் தலையைத் தடவிப் பார்ப்பேன்.
வெறும் தலை.
தேங்காயெண்ணெய் வாசனை.

'பொருள் உறுதிப்படாத மாற்றம்' என்றிருந்தது தாளில்.
சில குடும்பங்களில் வலிப்போடு பார்த்திருக்கிறார்கள்,
ஆட்டிசத்தோடு சில ஆய்வுகளில்,
மனச்சிதைவோடு சிலவற்றில்.
கூடவே இருந்தது என்பது வேறு,
அதனால் வந்தது என்பது வேறு.
டாக்டர் இதை இரண்டு தடவை சொன்னார்.
எனக்குப் பிடிபடவில்லை.
பாயிண்ட்ஸ்மேன் பெள்ளி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:
"ரயில் வர்றப்பல்லாம் குரங்கும் வருது.
குரங்கா ரயிலைக் கூட்டிட்டு வருது?"

பிறகு எங்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்தார்கள்.
ரெபேக்காவுக்கு இல்லை.
எனக்கு இருந்தது.
அதே இடம். அதே ஓர் எழுத்து பிசகி.

"நல்ல செய்தியாகவும் இருக்கலாம்,
நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?
வலிப்பு வந்ததுண்டா?"
இல்லை.
"சத்தம் ஏதாவது கேட்குமா? இல்லாத சத்தம்?"
ரயில்வே வேலை மேடம், என்றேன்,
எப்பவும் கேட்கும்.
அவர் குறித்துக்கொள்ளவில்லை.
இரண்டு வருடம் கழித்து வாருங்கள்,
அதற்குள் யாராவது ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள்.

நான் சொல்லாமல் விட்டது:
ஒன்பது வயதிலிருந்து
இடப்பக்கம் ஒரு ரீங்காரம் வரும்,
தூரத்துத் தேயிலை பாக்டரியில்
காற்றாடி சுழல்கிற மாதிரி.
அரை நிமிடம். போய்விடும்.
சுரங்கங்களின் மிச்சம் என்றே நினைத்திருந்தேன்.
முதல் சுரங்கத்துக்குள் நான் போனதே
பதினெட்டு வயதில் என்பது
நேற்றுத்தான் கணக்குக்கு வந்தது.

சனிக்கிழமை ஷைனியை ரயிலில் ஏற்றிக்கொண்டேன்.
ஹில்குரோவில் இஞ்சின் தண்ணீர் குடித்தது.
பயணிகள் வடைக்கு இறங்கினார்கள்.
கூரைமேல் குரங்குகள் நடக்கும் தடதடப்பு,
பிறகு அதுவும் இல்லை.
நீராவி அடங்கிவிட்டது.
பள்ளத்திலிருந்து மேகம் தண்டவாளம் வரை வந்து
அங்கேயே நின்றது.

அப்போது அது வந்தது, இடப்பக்கம்.
எப்போதும்போல் அசையாமல் நின்றேன்.
ஜன்னலோரம் ஷைனி
கடித்த வடையை மடியில் வைத்துவிட்டு
இடது காதைப் பொத்திக்கொண்டாள்.

விசில் இன்னும் ஊதவில்லை.