யெல்மரின் கோடு

இடது தோளில் தொடங்கி
வலது இடுப்பு வரை விரலால் ஒரு கோடு.
முடிகிற இடத்தில் இரண்டு தட்டு.
செப்டம்பரிலிருந்து யெல்மர் இதைச் செய்கிறார்.

வயது நாற்பத்தாறு.
பிறந்ததிலிருந்து வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை.
புத்தி மூன்று வயதுக்கானது என்கிறது கோப்பு.
கோப்பை எழுதியவர்
அவரோடு ஒருவேளையும் சாப்பிட்டதில்லை.

பதிவேட்டில் நாங்கள் எழுதினோம்:
வயிற்றுவலியா? – சிப்கே.
அரிப்பு, களிம்பு தடவினேன் – ரென்ஸ்கே.
எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
வெறும் பழக்கம், விட்டுவிடலாம்.
கடைசி வரியின் கையெழுத்து என்னுடையது.

கரண்டியைக் கையில் வைத்தால் சாப்பாடு.
சொரசொரத்த துண்டின் ஒரு முனை என்றால் குளியல்.
என் இடது மணிக்கட்டின் கம்பளி வளையம் என்றால்
வீட்ஸ்கே வந்திருக்கிறாள்.
ஒரு காலை, அவசரம்,
துண்டைத் தராமல் கையைப் பிடித்து இழுத்தேன்.
கடித்தார்.
இப்போது வளையத்தைத் தடவியபின்
பக்கத்தில் அந்தத் தழும்பையும் தேடுகிறார்.
என் பெயர் சற்று நீண்டுவிட்டது.

நவம்பர். இரவுப் பணி முடிந்து
காரில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன்.
தோளிலிருந்து இடுப்புக்கு.
க்ளிக்.
சாவியைத் திருப்பாமல் அப்படியே இருந்தேன்,
கண்ணாடி முழுக்க என் மூச்சு படியும் வரை.

நீல வேன்.
வியாழன்தோறும் கடலணை வரை போய்வரும்.
ஆகஸ்டில் விற்றார்கள்.
எல்லோருக்கும் மின்னஞ்சலில் தெரிவித்தார்கள்.
எல்லோருக்கும்.

மறுநாள் அவர் விரலைப் பிடித்து
என் உடம்பின் மேல் அந்தக் கோட்டை இழுத்தேன்.
இரண்டு தட்டு.
அசையவில்லை.
பிறகு இரண்டு கையாலும் என் தாடையைப் பற்றிக்கொண்டார்,
சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர்போல.

வழியெல்லாம் டேஷ்போர்டில் உள்ளங்கை.
அணைமேல் ஏறியதும்
வடகடல் காற்றை வாய் திறந்து தின்றார்.
செருப்பில் ஆட்டுப்புழுக்கை,
சட்டையெல்லாம் எச்சில்.
குளிருது, போகலாம் என்று
நான்தான் இரண்டு தடவை கையில் சொன்னேன்.

விடுதி வாசலில் பெல்ட்டைக் கழற்றினேன்.
இறங்கவில்லை.
கோடு. இரண்டு தட்டு.

கரண்டி இருக்கிறது, துண்டு இருக்கிறது.
அடுத்த வியாழன் என்பதற்கு,
அதுவும் ஒருவேளை என்பதற்கு
எந்தப் பொருளை எடுத்து அந்தக் கையில் வைப்பேன்?

பெல்ட்டை மறுபடி மாட்டினேன்.
பெட்ரோல் முள் சிவப்பில்.
கட்டடத்தை ஒரு சுற்று, பிறகு இன்னொன்று.
ஜன்னலில் சிப்கே
தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.