எல்லைக் கொடியில் நின்றவன் கணக்கு

கல்லல் சலூனில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை.
அடைக்கலமா, சேவுகனா?
பாதிச் சவரத்தில் முகத்தைத் திருப்பி
என்னிடம் கேட்கிறார்கள்,
நோட்டு என்னிடம் இருப்பதால்.

ஒரே முதலாளி, ரைஸ் மில் வயிரவன் அம்பலம்.
ஒரே ஜோடி. மயிலை வலத்தில், செவலை இடத்தில்.
ஒரே வண்டி, ஒரே பருத்திக்கொட்டை, ஒரே லாடக்காரர்.
ஒரு பந்தயம் இவன், மறு பந்தயம் அவன்.
மாறுவது சாரதி மட்டும்தான் என்று
ஊரே நம்பியது. நானும்.

போய்வர எட்டு மைல்.
நான் நின்றது நாலாவது மைலில்,
வண்டி திரும்பும் கொடிக்குப் பக்கத்தில்,
கையில் அம்பலம் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த கடிகாரம்.
புறப்பாட்டைப் பார்த்ததில்லை, முடிவையும்.
பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீட்டு மதிலில் ஏறி நின்றவர்கள்
என்னைவிட அதிகம் பார்த்திருப்பார்கள்.
எனக்குக் கிடைத்ததெல்லாம்
தூசி மாடாகி, மாட்டுக்குப் பின்னால் மனுசனாகி,
திரும்பத் தூசியாகிற அந்தக் கொஞ்ச நேரம்.

அடைக்கலம் வருவதை முதலில் காது சொல்லும்.
முந்நூறு கஜத்துக்கு அப்பாலேயே ஏசத் தொடங்கியிருப்பான்,
மாட்டை, பைக்கில் துரத்தும் பயல்களை,
வெயிலை, வெயிலைப் பெற்றவளை.
கொடித்துணி முழங்கையில் உரசத் திருப்புவான்.
ஒரு சக்கரம் தரையில் இருக்காது.
பதினோரு விநாடி.

சேவுகன் வாய் திறக்க மாட்டான்.
கயிற்றை விரலில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவான்.
அவ்வளவுதான்.
அகலமாகத் திருப்புவான்,
பந்தலில் இலை போட்டவர்களை மிதிக்காமல்
சுற்றிப் போகிறவன் மாதிரி.
பதினான்கு.
போன மூன்று விநாடியை ஓடைப் பாலத்தில்
வட்டியோடு பிடித்துவிடுவான் என்பார்கள்.
பாலம் என் கண்ணுக்கு எட்டாது.

மொத்தம் பத்தொன்பது பந்தயம்.
முதல் கொடி, அடைக்கலம் பத்துக்கு ஏழு,
சேவுகன் ஒன்பதுக்கு ஆறு.
போதுமா? போதாது.
கண்டரமாணிக்கத்தில் பாதி வழியில் செவலைக்கு லாடம் கழன்றது,
அன்றைக்குக் கயிறு சேவுகன் கையில்.
புது லாடம் அடித்த அடுத்த வாரம்
கயிறு அடைக்கலம் கையில்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
சித்திரையில் இளகிய தார் ரோட்டை?
குறுக்கே வந்த ஆட்டுக்குட்டியை?

நோட்டில் ஏறாதது இன்னொன்றும் உண்டு.
அடைக்கலம் எனக்கு இருநூறு ரூபாய் தரவேண்டியிருந்தது.
இரண்டு வருசம்.
அவன் கொடியைக் கடந்த போதெல்லாம்
என் கட்டைவிரல் நேரத்துக்குத்தான் அழுத்தியது என்று
சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய
எனக்குத் தைரியம் இல்லை.
மாசியில் கடனை அடைத்தான்.
பங்குனிப் பந்தயத்தில் பத்தரை விநாடி.
அவன் தேறினானா,
என் விரல் தேறியதா?

போன வெள்ளிக்கிழமை ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.
அடைக்கலத்தின் மினி பஸ்.
அதற்குச் சரியாய்ப் பக்கத்தில்,
கோடு போட்டு நிறுத்தியது போல,
செங்கல் ஏற்றிய சேவுகனின் டிராக்டர்.
ஒரு வண்டியில் ஏறி இறங்கியவர்கள்
ஒருமுறைகூட ஒன்றாய் ஓட்டியதில்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
பாசஞ்சர் போயிற்று. கேட் எழுந்தது.
இரண்டும் நகரவில்லை.
அடைக்கலம் ஜன்னல் வழியே கையை வீசி
"போடா முதல்ல" என்கிறான்.
சேவுகன் தாடையால் தண்டவாளத்தைக் காட்டுகிறான், நீ போ.
பின்னால் ஊர்ப்பட்ட ஹாரன்.
சைக்கிளில் ஒற்றைக் கால் ஊன்றி நின்ற எனக்கு
வெறுங்கையில் கட்டைவிரல்
தானாக மடங்கியது.

"கடைசியில் யார் முந்தினது?"
சலூனில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.
நடுவில் ஒரு வைக்கோல் லாரி வந்துவிட்டது
என்றேன்.